நிழலுக்கு உரியவர் யார்?

உயிர்களிடத்தில் இரக்கம் வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயம் இல்லை. ஐயம் பிறப்பது அதற்கு அடுத்த படியில்தான். ஓர் உயிரிடம் நாம் காட்டும் அன்பு மற்றோர் உயிருக்கு இன்னலாக முடியுமானால், அப்போது நாம் செய்ய வேண்டியது என்ன? அன்பைக் குறைத்துக்கொள்வதா? இன்னலைக் காணாதவர் போல் இருந்துவிடுவதா? பழவேற்காட்டுக் கரையில் ஒரு தை மாதக் காலைப்பொழுதில் இந்தக் கேள்வி ஒரு சிறுவனின் உருவில் நம் முன்னே வந்து நின்றது. அன்று நாம் அவனுக்கு விடை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழவேற்காடு, தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிய ஊர் அன்று. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவுகளும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் உள்ள அதே ஊரில், பழமை வாய்ந்த பள்ளிவாசல்களும் நிற்கின்றன. மனச்சான்றின் பொருட்டு மதீனாவை விட்டு வெளியேறி, மரக்கலங்களில் வந்து கரையேறியவர்களே தம் முன்னோர் என்பது அவ்வூர் முஸ்லிம்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. ஊரை விட்டுப் பாலத்தைக் கடந்து சென்றால் ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக் கடல்; இரண்டிற்கும் நடுவே மணல் திட்டின் மீது மீனவக் குப்பங்கள்.

நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நாமும் அங்கே சென்றிருந்தோம். கடலோரச் சவுக்குத் தோப்பின் அருகே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கினோம். எவரிடம் அனுமதி பெற வேண்டும் என்று கேட்கக்கூட அன்று நமக்குத் தோன்றவில்லை. நண்பரின் தோட்டத்துக் காவலுக்காக வளர்க்கும் நாயும் உடன் வந்திருந்தது. அதற்குச் சோறு வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் பத்து வயது மகனின் பொறுப்பு. பஜ்ருத் தொழுகை முடிந்து ஏரிப் பக்கமாக நடந்தபோது அவன் அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். இரவெல்லாம் கட்டுண்டு கிடந்த நாய், ஆழமில்லாத நீரில் துள்ளிப் பாய்ந்து ஓடியது. மறுகணம், தலைகுனிந்து இரை தேடிக்கொண்டிருந்த பூநாரைக் கூட்டம் ஒருசேர எழுந்தது. செந்நிறமும் கருநிறமும் கலந்த சிறகுகள் வானத்தை மறைத்தன. சிறுவன் கைதட்டினான். உண்மையைச் சொல்வதானால் நாமும் அந்த அழகில் மயங்கி நின்றோம்.

சற்றுத் தொலைவில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் தலையை நிமிர்த்தினார். "நாயைக் கட்டி வையுங்க பாய். அதுங்க சாப்பிட வந்திருக்குதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

சிறுவனின் முகம் வாடியது. "இதையும் அல்லாஹ்தானே படைச்சான்? இது விளையாடக் கூடாதா?" என்று கேட்டான். எங்களோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், "நாய் நஜீஸ். அதைக் கூட்டி வந்ததே தப்பு" என்று சுருக்கமாக முடித்துவிட்டார். பையனின் கண்கள் நிறைந்தன. நாம் பேசாதிருந்தோம். மீனவர் சொன்னது சரி. ஆனால் நம் பெரியவர் சொன்ன காரணம் சரியன்று. சரியான ஒன்றைத் தவறான காரணத்தின் மீது நிறுத்தினால் அது நெடுநாள் நிற்பதில்லை.

நஜீஸ் என்னும் ஒற்றைச் சொல்

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கரையோர மக்களுக்கு, நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண்ணைக் கொண்டு கழுவ வேண்டும் என்பது பிள்ளைப் பருவத்திலேயே கற்ற பாடம். மாலிக்கீ மத்ஹபிலோ உயிருள்ள நாயின் உடல் தூய்மையானதே என்பது நிலைபெற்ற கருத்து. எம்மத்ஹபின் தீர்ப்பை ஏற்றாலும் ஒன்று தெளிவு. இந்தச் சட்டம் நம் கையையும் பாத்திரத்தையும் ஆடையையும் பற்றியது. நாயின் பசியையும் தாகத்தையும் பற்றியது அன்று. அதன் உயிரின் மதிப்பைப் பற்றியதும் அன்று.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றுக்குள் இறங்கி, காலணியில் நீர் முகந்து, அதனை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்த மனிதரின் வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர்களுக்கு எடுத்துரைத்தார்கள். இறைவன் அவருடைய பிழைகளை மன்னித்தான் என்பது அதன் முடிவு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் பத்தாயிரம் பேர் கொண்ட படையோடு பெருமானார் மக்காவை நோக்கிச் சென்றபோது, வழியில் ஒரு பெண் நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டு கிடந்தது. படையினர் எவரும் அதற்குத் தொல்லை தராதவாறு ஜுஐல் இப்னு ஸுராகா (ரலி) என்னும் தோழரை அதனருகே காவல் நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ பதிந்துள்ளார். ஒரு நகரத்தின் விதியை மாற்றப் போகும் படை அது. பாலூட்டும் நாயொன்று எழுந்து ஓட நேராதபடி அது விலகி நடந்தது.

ஆகவே, நாய் நஜீஸ் என்பதால் அதனை ஏரிக்கரைக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்னும் வாதம் நிற்காது. நாய்க்குப் பதிலாகச் சிறுவன் ஓர் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்டிருந்தால்? ஆடு தூய்மையான பிராணி. அது ஓடியிருந்தாலும் பறவைகள் கலைந்துதான் இருக்கும். எனவே கேள்வி தூய்மையைப் பற்றியது அன்று. வேறொன்றைப் பற்றியது.

வாசற்படியில் அமர்ந்த தோழன்

வெள்ளிக்கிழமை தோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் 'கஹ்ஃபு' அத்தியாயம் ஒரு நாயைச் சுமந்துகொண்டிருக்கிறது. கொடுங்கோன்மைக்கு அஞ்சி, ஈமானைக் காத்துக்கொள்ள ஊரைத் துறந்து குகையில் தங்கிய இளைஞர்களோடு அவர்களின் நாயும் தங்கியது. 309 ஆண்டுகள் நீண்ட உறக்கம் அது. அந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பதில் மக்கள் பலவாறு கூறுவர் எனத் திருமறை உரைக்கிறது. மூவர் என்றோரும் நாயை நான்காவதாக எண்ணினர். ஐவர் என்றோரும் அதை ஆறாவதாக எண்ணினர். எழுவர் என்றோரும் அதை எட்டாவதாக எண்ணினர். ஆட்களின் கணக்கில்தான் வேற்றுமை. நாயை விட்டுவிட்டு எண்ணியவர் எவருமில்லை.

காட்டிலும் மலையிலும் மனிதனோடு தங்கிய நாய் நம் மரபில் இத்தகைய மதிப்பைப் பெற்றிருக்கிறது. அதே அத்தியாயத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த நாய் எங்கே இருந்தது? தன் முன்னங்கால்களை நீட்டியபடி வாசலில் இருந்தது. தோழமை இருந்தது, தோழமைக்கு ஓர் எல்லையும் இருந்தது. அந்த எல்லையால் நாயின் மதிப்பு குறைந்துவிடவில்லை. வாசலில் இருந்ததே அதன் பணியாயிற்று. அன்பும் எல்லையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணும் இன்றைய மனநிலைக்கு இக்காட்சி நல்ல மருந்து என்பது நம் துணிபு.

கயிற்றை அவிழ்த்தவர்

வேட்டை நாயைப் பற்றி அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) நபிகளாரிடம் வினவினார். பயிற்றப்பட்ட நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால் அது பிடித்துத் தருவதை உண்ணலாம். அது தானே அதில் தின்றுவிட்டால் உண்ணலாகாது, ஏனெனில் அப்போது அது தனக்காகப் பிடித்ததாகிறது என்பது அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். வேறொரு நாய் இடையில் கலந்துகொண்டாலும் அந்த இரை ஆகாது. அவர் இறைவன் பெயர் கூறியது தம் நாயின் மீது மட்டுமே அல்லவா?

இதை வேட்டைச் சட்டமாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். இதற்குள் ஓர் ஆழ்ந்த ஒழுக்க நெறி இருக்கிறது. நாயின் ஓட்டம் எப்போது மனிதனின் செயலாகிறது, எப்போது நாயின் செயலாகவே நின்றுவிடுகிறது என்று இச்சட்டம் பிரித்துக் காட்டுகிறது. நாய்க்கு மறுமையில் கேள்வி கணக்கு இல்லை. ஆதலால் அதன் ஓட்டத்தின் பொறுப்பு எங்காவது போய்ச் சேர வேண்டும். அனுப்பியவர் இருந்தால் அது அனுப்பியவரைச் சேர்கிறது.

அனுப்பாமல் வெறுமனே அவிழ்த்து மட்டும் விட்டால்? இதற்கும் நம் மரபில் விடை உண்டு. இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பிறருடைய பயிரில் புகுந்து மேய்ந்த வழக்கு தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்கள் முன் வந்ததைத் திருமறையின் 21ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆடுகளைப் பயிருக்கு உரியவரிடமே கொடுத்துவிடத் தந்தை தீர்ப்பளித்தார் என்றும், பயிர் பழைய நிலையை அடையும் வரை ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்தட்டும், அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும் என மகன் கூறினார் என்றும் விரிவுரையாளர்கள் விளக்குவர். பெருமானாரின் காலத்திலும் ஓர் ஒட்டகம் தோட்டமொன்றில் புகுந்து சேதம் விளைத்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை. இரவில் கால்நடை விளைக்கும் சேதத்திற்கு அதன் உடைமையாளரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ஆட்டையோ ஒட்டகத்தையோ எவரும் குற்றம் சாட்டவில்லை. கட்டி வைக்க வேண்டியவர் கட்டி வைத்தாரா என்பதே கேள்வி.

அந்த முதிய மீனவர் நாயைத் திட்டவில்லை. நம்மைப் பார்த்தே பேசினார். பிக்ஹு நூல் எதையும் அவர் படித்திருக்கமாட்டார். ஆயினும் பொறுப்பு எவரைச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏரியின் கணக்கு

பயிரில் மேய்ந்த ஆட்டுக்கு எதிராக வழக்குரைக்க நிலத்துக்காரர் இருந்தார். பழவேற்காட்டு ஏரியில் அந்தப் பூநாரைகளுக்காக வழக்குரைப்பவர் யார்? அவை இழந்தது என்ன என்று நமக்குத் தெரியுமா?

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஆந்திரப் பகுதி 1976இலும், 153 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த ஆழமற்ற பரப்பில், மழைக்காலம் முடிந்து நீர் வடியும் மாதங்களில் பறவைகளுக்கு விருந்து விரிகிறது. பூநாரை தன் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டி, நுண்ணிய உயிர்களை உண்கிறது. துளித்துளியாகச் சேர்க்கும் உணவு அது. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உப்புக்கொத்தி போன்ற சிறு கரைப்பறவைகளுக்கோ இந்த ஏரி வழிப்பயணத்தின் அன்னச்சத்திரம். திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை அவை இங்கேதான் உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அஞ்சி எழுந்தால் உண்ணும் நேரம் போகிறது. சேர்த்த வலிமையும் செலவாகிறது. நமக்கு அது கண்ணுக்கினிய காட்சி. அவற்றுக்கு அது இழப்பு. ஒரு நாய் ஒருமுறை ஓடுவதால் ஏரி அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒவ்வொரு வண்டியிலும் வருபவர், "ஒருமுறைதானே" என்று எண்ணினால் பறவைக்கு அது ஒருமுறையாக இருப்பதில்லை.

மணல் திட்டின் மறுபக்கம், கடற்கரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தை முதல் பங்குனி வரையான மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஏறக்குறைய 45 முதல் 60 நாட்கள் அம்முட்டைகளுக்குக் காவல் மணல் ஒன்றுதான். நாயின் மூக்குக்கு முன் மணல் எந்த மூலைக்கு? சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவுதோறும் கால்கடுக்க நடந்து முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு நாய்களும் ஒரு காரணம்.

நோயும் உண்டு. 1994ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் சிங்கங்களுள் மூன்றிலொரு பங்கு, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயால் மாண்டது. காட்டைச் சுற்றிய ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியது என்பது ஆராய்ந்தோர் முடிவு. 2018இல் நம் நாட்டின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அந்த நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. சிங்கத்தை வீழ்த்தியது நாயின் பல் அன்று, அதன் மூச்சு.

இவற்றையெல்லாம் எண்ணித்தான் உலகெங்கும் இதற்கெனச் சட்டம் செய்திருக்கிறார்கள். 1872இல் உருவான அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், கூடாரம் அடிக்கும் இடத்திற்கும் சாலையோரத்திற்கும் நாயைக் கொண்டுவரலாம். அதுவும் ஆறடிக்கு மிகாத கயிற்றில். காட்டுப் பாதைகளில் நாய்க்கு இடமில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் நுழைவதையே வரையறைக்கு உட்படுத்துகிறது. உள்ளே சென்றவர் அங்குள்ள உயிர்களைச் சீண்டுவதைத் தடுக்கிறது. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றும் கூறுகிறது.

பெரிய பிழைகளும் சிறிய பிழையும்

இந்த இடத்தில் நண்பர் ஒரு மறுப்பை எழுப்பினார். அது நேர்மையான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "துறைமுகங்களும் ஆலைகளும் இந்தக் கரையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீனவர்கள் வருந்துகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றை நாயா கொன்றது? இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத் திணறியல்லவா அவை மாண்டன? குப்பத்து நாய்களும் அங்கேதான் திரிகின்றன. இத்தனைக்கும் நடுவில் என் மகனின் நாய்தான் குற்றவாளியா?" என்று கேட்டார்.

பெரிய பிழை இருப்பதால் சிறிய பிழை பிழையில்லை என்று ஆகிவிடாது. பெரிய பிழையைத் திருத்த நம் கையில் பெரும்பாலும் ஒரு குரல் மட்டுமே இருக்கிறது. சிறிய பிழையின் கயிறோ நம் கையிலேயே இருக்கிறது. கையில் இருப்பதைப் பற்றித்தான் முதலில் கேட்கப்படுவோம். மேலும், அந்த ஏரியின் துன்பங்கள் ஏற்கெனவே பல என்பது, இன்னொரு துன்பத்தைக் கூட்டாதிருக்க நல்ல காரணமே தவிர, கூட்டுவதற்கு அனுமதிச் சீட்டு அன்று.

குப்பத்து நாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வளர்ப்பதை நபிமொழி விலக்கி வைத்துப் பேசுகிறது. தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையே நாள்தோறும் குறைகிறது என எச்சரிக்கிறது. வீட்டுக்காவலையும் அறிஞர்கள் இந்த அனுமதியில் சேர்த்தனர். வேண்டுதல் வேறு, விருப்பம் வேறு என்பதே இதன் அடிப்படை. மீனவரின் நாய் அவருடைய வாழ்வின் ஒரு பகுதி. அவர் அங்கே பிறந்தவர், அங்கிருந்தே கடலுக்குப் போகிறவர். நாமோ ஒரு நாள் இன்பத்துக்காகப் போனவர்கள். அவருடைய நாயைச் சுட்டிக்காட்டி நம் நாயை அவிழ்த்துவிடுவது, ஏழையின் நெருக்கடியைச் செல்வரின் பொழுதுபோக்குக்குச் சாட்சியாக நிறுத்துவதாகும். அன்றியும், கரையில் உரிமையாளர் இன்றித் திரியும் நாய்கள் எதைத் தின்று பெருகுகின்றன? மீன் கழிவைத் தின்கின்றன. நம்மைப் போன்ற விருந்தினர் விட்டுச்செல்லும் பிரியாணி மிச்சத்தையும் தின்கின்றன. அன்று காலை நாம் விட்டு வந்த இலைகளும் பொட்டலங்களும் நினைவுக்கு வந்தபோது நமக்கு நாணமாக இருந்தது.

பழவேற்காட்டு மீனவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை வழங்கிவருகிறது. ஏரியில் வளமான இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக உரிமை உள்ளவரும் தம் முறை வரும் வரை காத்திருக்கிறார். தம் முறை அல்லாத நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் அந்த இடத்தில் அவர் வலை கட்டுவதில்லை. உரிமை என்பதற்குள் காத்திருத்தலும் அடங்கும் என்று அந்த மக்கள் அறிந்திருக்கிறார்கள். பிறப்புரிமை உடையவர் காத்திருக்கும் ஏரியில், ஒருநாள் விருந்தினராகச் சென்ற நாம் காத்திருக்கக் கூடாதா?

நிழலில் இருந்து எழுப்பாதே

மக்காவின் புனித எல்லைக்குள் மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்பதை ஹஜ்ஜுக்குச் சென்று வந்த எவரும் அறிவர். அந்தக் கட்டளையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள வேட்டைப் பிராணியைக் கொல்லக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அதனை வெருட்டி ஓட்டவும் கூடாது என்றார்கள் பெருமானார். வெருட்டுவது என்றால் என்ன? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் இக்ரிமா இதற்குத் தந்த விளக்கம் புகாரீயில் இடம்பெற்றிருக்கிறது. நிழலில் இருக்கும் பிராணியை எழுப்பிவிட்டு, அந்த நிழலில் நீ இறங்கித் தங்குவதே அது என்றார் அவர்.

இந்த விளக்கத்தின் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பு இல்லை, இரத்தம் இல்லை, அந்தப் பிராணியின் உடலில் ஒரு கீறல்கூட இல்லை. களைத்து வந்த பயணி ஒருவர் நிழலைத் தேடுகிறார். நிழலில் ஒரு மான் படுத்திருக்கிறது. அவர் கையை வீசுகிறார், மான் எழுந்து போகிறது, அவர் அமர்கிறார். உலகத்தின் எந்த நீதிமன்றத்திலும் இது குற்றமாகாது. ஆனால் புனித எல்லைக்குள் அந்த நிழல் மானுக்கு உரியது. முன்னே வந்தது அது. பயணி அதற்குப் பின்னே வந்தவர்.

பழவேற்காடு ஹரம் அன்று. ஹரமின் சட்டம் அங்கே செல்லாது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஹஜ்ஜில் பெறும் பயிற்சி ஹஜ்ஜோடு முடிந்துவிடுவதற்கா? சில நாட்கள், சில எல்லைகளுக்குள், வலிமை இருந்தும் கையை மடக்கிக்கொள்ளப் பழகுகிறோம். அந்தப் பழக்கம் எல்லைக்கு வெளியிலும் நம்மோடு வர வேண்டும் என்பதற்காகத்தானே? மதீனாவையும் பெருமானார் புனித எல்லையாக்கினார்கள். மேய்ச்சலுக்கென 'ஹிமா' நிலங்களை ஒதுக்கும் முறை அவர்கள் காலத்திலும் உமர் (ரலி) காலத்திலும் இருந்தது. வலியவர் விரும்பியதெல்லாம் செய்ய இயலாத சில இடங்கள் மண்ணில் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு அன்று. இரவில் பயணி இறங்கித் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்க வேண்டும், இரவில் அது பிராணிகள் நடமாடும் வழி என்றுகூடப் பெருமானார் அறிவுறுத்தியிருக்கிறார்கள். கூடாரம் அடிப்பவருக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு வேறென்ன வேண்டும்?

இப்போது சிறுவனின் கேள்விக்கு வருவோம். அவனுடைய நாயையும் அல்லாஹ்தான் படைத்தான்; அது விளையாட வேண்டியதே. அதற்கு அவன் இருக்கிறான்: சோறு வைக்க, தண்ணீர் காட்ட, காயம் பட்டால் மருந்திட. பூநாரைக்கு அவன் இல்லை, எவரும் இல்லை. நம்மை அறிந்து வாலாட்டும் உயிரிடம் அன்பு கொள்வது எளிது. அந்த அன்பு உடனே நமக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. நம்மை அறியாத, நம்மைக் கண்டு அஞ்சுகிற, ஒருநாளும் நமக்கு நன்றி காட்டாத உயிருக்கு இடம்விட்டு விலகி நிற்பதில்தான் இரக்கம் சோதிக்கப்படுகிறது. விலகி நிற்பதும் அன்பின் ஒரு வகையே. அது கைம்மாறு இல்லாத வகை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பறவைகள் கூடும் ஏரிக்கும் வன உயிர்களின் சரணாலயத்துக்கும் செல்லும் நாளில் நாயை உறவினர் வீட்டில் விட்டுச் செல்லலாம். உடன் கொண்டுவந்தே தீர வேண்டிய பயணமானால், சட்டம் இடந்தரும் இடத்தில் மட்டும், கயிறு கையை விட்டு நழுவாமல் வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கொண்டுசென்ற உணவின் மிச்சத்தை நம்மோடே திரும்பக் கொண்டுவரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை கேட்கும்போது, 'நஜீஸ்' என்னும் ஒரு சொல்லால் அவன் வாயை அடைக்காமல், உட்கார வைத்து விளக்கம் சொல்லலாம். நாம் தராத விளக்கத்தின் இடத்தில் வெறுப்போ அலட்சியமோ வந்து குடியேறிவிடும்.

அன்று சிறுவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயை அழைத்தான். நனைந்த உடலோடு அது ஓடி வந்தது. கூடாரத்தின் முளையில் அதைக் கட்டினான். சற்று நேரம் முனகிய நாய் பிறகு அடங்கி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு கூடாரத்தின் வாசலில் படுத்துக்கொண்டது. நெடுநேரம் கழித்துப் பூநாரைகள் ஒன்றும் இரண்டுமாக நீரில் வந்து இறங்கின. வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் தலை நிமிரவில்லை. நாயும் சிறுவனும் அருகருகே இருந்து, பறவைகள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.